வெள்ளிக்கிழமை மாத்திரை

ஆம்பூரில் ரயில்வே கேட்டைத் தாண்டி இருந்த ஷூ கம்பெனியில் மீனாம்பாள் இரண்டு தடவை தையல் மிஷின் பிடித்து, இரண்டு தடவையும் பறிகொடுத்தவள். முதல் தடவை பெரிய மகள் பிறந்தபோது. இரண்டாம் தடவை சின்னவள் பிறந்தபோது. யாரும் அவளை வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து அவள் வந்து நின்றபோது, அவளுடைய இடத்தில் இன்னொருத்தி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான்.

"டேபிளுக்குப் போம்மா, மிஷின் காலியாச்சின்னா சொல்றேன்" என்றார் சூப்பர்வைசர் ஜியாவுதீன்.

டேபிள் என்பது நீள மேசை. பதினைந்து பெண்கள் அதைச் சுற்றி நின்று, ஷூவின் மேல்பாகத்துக்கு வெட்டிய தோல் துண்டுகளின் விளிம்பில் பசை தடவி, மடித்து, சுத்தியலால் தட்டுவார்கள். பசைக்கு அங்கே சொல்யூஷன் என்று பெயர். சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சோறு பிசைந்தாலும் விரலில் அந்த வாசனைதான் வரும். மிஷின்காரிக்கோ ஸ்டூல் உண்டு, இழுப்பறை உண்டு, தலைக்கு மேல் விளக்கு உண்டு. ஊசிக்கு அடியில் தோலை விட்டால் அது அவள் சொன்னபடி கேட்கும். மீனாம்பாள் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். உலகத்தில் தன் பேச்சைக் கேட்டு நடந்த முதல் பொருள் அந்த மிஷின்தான் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. ஒவ்வொரு தடவையும் டேபிளில் ஒன்றரை வருஷம் நின்று அதைத் திரும்பப் பிடித்தாள். மூன்றாம் தடவையாக அவள் அதில் உட்கார்ந்தது எண்பத்தேழாம் வருஷம் ஆடி மாதத்தில். உட்கார்ந்த அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள், இனி எந்தப் பிரசவத்துக்காகவும் இந்த ஸ்டூலை விட்டு எழுந்திருப்பதில்லை என்று.

முடிவு செய்வது சுலபம். சின்னவள் பிறந்த கையோடு ஆஸ்பத்திரியில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குக் கேட்டார்கள். மீனாம்பாள் சரி என்றாள். அவள் புருஷன் சுப்பராயன் கையெழுத்துப் போட மாட்டேன் என்றான். தோல் பதனிடும் ஷாப்பில், தோல் ஊறும் டிரம்மை ஓட்டுகிறவன் அவன். சுண்ணாம்பிலும் சாயத்திலும் ஊறிய கை. குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான். பையன் ஒன்று வேண்டும் என்பதில் மட்டும் எருமைத் தோல் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்பான்.

"ரெண்டும் பொண்ணாப் பூட்ச்சி. எனுக்குக் கொள்ளி வெக்க யாரு?" என்பான்.

"நீ செத்தப்பறம் யாரு வெச்சா உனுக்கு இன்னா தெரியப் போவுது?" என்பாள் மீனாம்பாள். அவன்மேல் பிரியமாக இருக்கும்போது மாமா என்பாள், கோபம் வந்தால் யோவ். அந்த வருஷத்தில் மாமா குறைந்துகொண்டே வந்தது.

மாசத்தில் இரண்டாவது புதன்கிழமை கம்பெனியின் முதலுதவி அறைக்கு நர்ஸ் ஜெயபுஷ்பம் வருவாள். அரசாங்க வேலை. வெள்ளைப் புடவை, தோளில் கித்தான் பை, கழுத்தில் சின்னச் சிலுவை. விரலில் ஊசி ஏறிய பெண்களுக்குக் கட்டுப் போட்டுவிட்டு, கையோடு பேச்சையும் ஆரம்பிப்பாள். அப்படித்தான் ஒரு புதன்கிழமை அந்த மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள். இருபத்தோரு வெள்ளை, ஏழு பழுப்பு.

"எல்லாத்துக்கும் கையெழுத்து கேக்கறீங்க சிஸ்டர். இதுக்கு யாரு கையெழுத்து?" என்று கேட்டாள் மீனாம்பாள்.

"இதுக்கு எதுக்கு கையெழுத்து? வாய் உன்னுது, தண்ணி உன்னுது."

மீனாம்பாளுக்கு அது ஒன்றே போதுமாக இருந்தது. இருந்தாலும் கேட்டு வைத்தாள். "எத்தினி தூரம் நம்பலாம்?"

"ஒரு நாள் தவறாம, ஒரே நேரத்துக்குச் சாப்பிடணும். அப்படி நூறு பேரு ஒரு வருஷம் சாப்பிட்டா, ஒருத்திக்குக் கரு நின்னாலே அதிசயம்."

முதல் அட்டையை அவள் வீட்டில் அரிசிப் பானைக்குள் வைத்தாள். நாலாம் நாளே சுப்பராயன் கண்ணில் பட்டது. எடுத்து அடுப்பில் போட்டான். "மாத்திரை தின்னா கர்ப்பப்பை கருகிப் பூடும். இன்னோரு தபா இதை இந்த வூட்ல பாத்தேன், நடக்கறதே வேற" என்றான். மீனாம்பாள் அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டினாள். அடுத்த அட்டையைக் கொண்டுபோய் மிஷினின் இழுப்பறையில், நூல் சுற்றிய பாபின்களுக்கு அடியில் வைத்தாள். பகல் சாப்பாட்டு மணி அடித்ததும் முதலில் மாத்திரை, அப்புறம்தான் சோற்று டப்பா. இழுப்பறைக்குச் சாவி அவளிடம். சுப்பராயனின் கை எட்டாத ஒரே இடம் அது.

அவளைப் பார்த்து அந்த வரிசையில் மெல்ல மெல்லப் பதினோரு பேர் மாத்திரைக்கு வந்தார்கள். மஹ்பூபி அதில் ஒருத்தி. டேபிளில் மடிப்பு வேலை பார்ப்பவள், நாலு பிள்ளைக்காரி. தமிழில் ஆரம்பிப்பாள், கோபம் வந்தால் உருதுவில் முடிப்பாள். அவள் புருஷன் அதாவுல்லா கறிக்கடையில் நிற்பவன். "நாலுக்கு மேல அஞ்சாவது வந்தா நான் எங்க அம்மா வூட்டுக்குப் போய்டுவேன், நாலையும் நீயே பாத்துக்கோன்னு சொன்னேன் அக்கா. மறுநாள் அவரே தண்ணி மொண்டு குடுத்தாரு" என்று டேபிளையே சிரிக்க வைத்தவள்.

பத்து மாதம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. எண்பத்தெட்டாம் வருஷம் ரம்ஜான் முடிந்து இரண்டு மாதத்தில் மீனாம்பாளுக்கு நாள் தள்ளிப் போயிருப்பது உறுதியாயிற்று.

முதலில் அவள் நம்பவில்லை. சொல்யூஷன் வாசனைக்குத்தான் குமட்டுகிறது என்று நினைத்தாள். பிறகு ஒருநாள் விளக்கடியில் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்தபோது டேபிளில் பதினைந்து சுத்தியலும் நின்றிருந்தன.

"இன்னா மீனா, மாத்திரை உள்ள பூந்து முளைச்சிக்கிச்சா?" என்றாள் ஒருத்தி.

"அது கவர்மெண்டு மாத்திரைடி. ரேஷன் அரிசி மாதிரி. பாதி கல்லு" என்றாள் இன்னொருத்தி.

"என் வூட்டுக்காரன் அப்பவே சொன்னான், இதெல்லாம் ஏமாத்து வேலைன்னு."

மஹ்பூபி மட்டும் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். மீனாம்பாள் குடித்தாள். மிஷினில் உட்கார்ந்து, பாதியில் நின்ற தையலை முடித்தாள். அன்றைய தையலில் ஒரு ஜோடிகூட ரிஜெக்ட் ஆகவில்லை. ஆனால் சாயங்காலம் கழிப்பறைக்குப் பக்கத்துக் குப்பைத் தொட்டியில் அஞ்சு மாத்திரை அட்டைகள் கிடந்தன. பாதி கூடத் தீராத அட்டைகள்.

அதுதான் அவளைச் சுட்டது. தான் ஏமாந்தது ஒரு பக்கம். தன் பேச்சை நம்பி வந்தவர்கள் தன் வயிற்றைப் பார்த்து ஓடுகிறார்கள் என்பது இன்னொரு பக்கம். இந்த மாத்திரையும் இல்லையென்றால் அவளுக்கு மிச்சம் இருந்தது சுப்பராயனின் கையெழுத்து ஒன்றுதான். அது வராது. அப்படியானால் இந்தப் பிள்ளை, அப்புறம் அடுத்தது, அதற்கடுத்தது. ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை வருஷம் டேபிளில் நிற்க வேண்டும்.

வீட்டில் சுப்பராயனுக்கோ கால் தரையில் நிற்கவில்லை. தெரு முழுக்கச் சொல்லிவிட்டான். "இந்தத் தபா பையன். எனுக்குத் தெரியும்" என்று பெரியவளின் தலையைத் தடவினான். அவள் ஒரு வருஷமாக என்ன முழுங்கிக்கொண்டிருந்தாள் என்று அவனுக்குத் தெரியாது. மீனாம்பாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே ரசத்தை இறக்கினாள்.

இரண்டாவது புதன்கிழமை வந்தது. பகல் மணி அடித்ததும் அவள் சோற்று டப்பாவைத் திறக்காமல் நேராக முதலுதவி அறைக்குப் போனாள். பின்னாலேயே மஹ்பூபியும் போனாள், சண்டை வந்தால் விலக்க ஒரு ஆள் வேண்டுமே என்று.

"சிஸ்டர், நூத்துக்கு ஒருத்தின்னீங்களே. அந்த ஒருத்தி நானா?"

ஜெயபுஷ்பம் நிமிர்ந்து பார்த்தாள். பேனாவை மூடினாள். "உக்காரு."

"உக்கார வரல. பதில் சொல்லுங்க. எம்பேச்சைக் கேட்டு பதினோரு பேரு முழுங்கிக்கினு இருந்தாங்க. குப்பைத் தொட்டியில அஞ்சு அட்டை கெடக்குது. நீங்க குடுத்தது மருந்தா, சுண்ணாம்பா?"

"இவளுக்கு நிக்கலியே" என்று மஹ்பூபியைக் காட்டினாள் ஜெயபுஷ்பம். "ஒரே பெட்டியில இருந்துதான் ரெண்டு பேருக்கும் எடுத்துக் குடுத்தேன். மஹ்பூபி, நீ எப்ப சாப்பிடறே?"

"ராத்திரி சிஸ்டர், படுக்கறதுக்கு முன்னால. கண்ணாடிகிட்ட கண்ணுக்குப் போடற சுர்மா டப்பி இருக்குதில்ல, அதும் பக்கத்துல வெச்சிருப்பேன். நோம்பு மாசத்துலயும் அப்படித்தான்."

"ஒரு நாள் மறந்தா?"

"எப்படி மறக்கும்? அவரே கேப்பாரே, சாப்ட்டியான்னு. அஞ்சாவது வந்துருமோன்னு என்னைவிட அவருக்குத்தான் பேஜாரு ஜாஸ்தி."

ஜெயபுஷ்பம் மீனாம்பாள் பக்கம் திரும்பினாள். "நீ எங்க வெச்சிருக்கே?"

"மிஷின் டிராயர்ல. மணி அடிச்சா மொதல்ல அதான். வேணும்னா கேட்டுப் பாருங்க லைன்ல."

"வெள்ளிக்கிழமை?"

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, எங்கே போனாலும் தோல் கம்பெனிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடையாது. வெள்ளிக்கிழமைதான். ஷூ கம்பெனியும் அன்றைக்குப் பூட்டு, சுப்பராயனின் தோல் ஷாப்பும் பூட்டு. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வீட்டில் இருக்கிற ஒரே நாள்.

"வெள்ளிக்கிழமைது சனிக்கிழமை சேத்து ரெண்டா முழுங்கிடுவேன்" என்றாள் மீனாம்பாள். "கணக்கு ஒரு நாளும் கம்மியானதில்ல."

"ரம்ஜானுக்கு எத்தினி நாள் லீவு வுட்டாங்க?"

"செவ்வா, புதன், வியாழன், அதோட வெள்ளி. நாலு நாள்."

"அப்ப நீ எதுல இருந்தே? வெள்ளையா, பழுப்பா?"

மீனாம்பாள் யோசித்தாள். "திங்கக்கிழமை பழுப்பு முடிஞ்சிச்சி. செவ்வாக்கிழமை புது அட்டை. லீவு முடிஞ்சி சனிக்கிழமை வந்ததும் ரெண்டு போட்டேன். ஞாயிறு ரெண்டு, திங்க ரெண்டு, செவ்வா ரெண்டு. நாலே நாள்ல சரிக்கட்டிட்டேன் சிஸ்டர். தலை சுத்திச்சி, வாந்தி வந்திச்சி, வுடலையே நான்."

இதைச் சொன்னபோது அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதில் தப்புச் சொல்ல ஒன்றும் இல்லை. கம்பெனியில் அதுதான் வழக்கம். பண்டிகைக்கு நாலு நாள் பூட்டினால், அந்த நாலு நாளில் தைக்காமல் போன ஜோடிகளை அடுத்த வாரத்தில் ஓவர்டைம் போட்டுத் தைத்துத் தீர்க்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் ஜியாவுதீன் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதுவார், பாக்கி இத்தனை ஜோடி என்று. செவ்வாய்க்கிழமை அழிப்பார். அழித்துவிட்டால் லீவு விட்டதே தெரியாது, சரக்குக் கப்பல் நேரத்துக்குப் போய்விடும். பத்து வருஷமாக அந்தப் பலகையைப் பார்த்து வேலை செய்தவள் மாத்திரையையும் அப்படித்தான் எண்ணினாள்.

ஜெயபுஷ்பம் கித்தான் பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"மீனா, உன் கம்பெனியில ராத்திரிக்கு வாட்ச்மேன் இருக்கானா?"

"இருக்கான்."

"நாலு ராத்திரி அவன் வரல. திருடன் வந்து தோலை எடுத்துனு போய்ட்டான். அஞ்சாம் நாள்ல இருந்து ரெண்டு ரெண்டு வாட்ச்மேனா நிக்க வெச்சா, போன தோலு திரும்பி வருமா?"

மஹ்பூபி "யா அல்லா" என்று வாயில் கை வைத்தாள்.

"ஒரு மாத்திரை அன்னைக்கிக் காவல், அவ்வளோதான்" என்றாள் ஜெயபுஷ்பம். "நடுவுல ஒரு வெள்ளிக்கிழமை போனா, மறுநாள் சேத்துச் சாப்பிட்டா, பெரும்பாலும் தாங்கிடும். ஆனா பழுப்பு ஏழும் வெறும் இரும்புச் சத்து. நாள் எண்ணிக்கை மறக்காம இருக்கக் குடுக்கறது. அந்த ஏழு நாள் உடம்பு தாங்கும். எட்டாம் நாள் வெள்ளை மாத்திரை உள்ள போயே ஆகணும். நீ பன்னெண்டாம் நாள்தான் ஆரம்பிச்சிருக்கே. அட்டைக் கணக்கு நேராயிடும். உடம்பு ஓவர்டைம் பாக்காது."

"இதை ஏன் மொதல்லயே சொல்லல?"

"நேரத்துக்குச் சாப்பிடுன்னு சொன்னேன். எங்க வெச்சிச் சாப்பிடுவேன்னு கேக்கல. அது என் தப்பு" என்றாள் ஜெயபுஷ்பம் நேராகப் பார்த்து. "நாள் தவறாமச் சாப்பிட்டா நூத்துக்கு ஒருத்திகூட இல்லன்னு சொன்னது நிஜம். அப்படி இப்படிச் சாப்பிடறவங்கள்ல நூத்துக்கு ஆறு பேரு, ஏழு பேருக்கு நின்னுடும். அதையும் சொல்லி இருக்கணும்."

மீனாம்பாள் இப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவள் கோபம் மாத்திரையை விட்டு இறங்கி, வேறு இடம் தேடி அலைந்து, கடைசியில் ஒரு அரிசிப் பானைமேல் போய் நின்றது. வீட்டில் வைக்க இடம் இருந்திருந்தால் வெள்ளிக்கிழமை என்ன, பெருநாள் என்ன?

"உனக்கு வேணாம்னா சட்டப்படி வழி இருக்குது" என்றாள் ஜெயபுஷ்பம். "வேலூர் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தர்றேன். இன்னும் நாள் இருக்குது. அதுக்கு உன் கையெழுத்து போதும். புருஷன் கையெழுத்து வேணாம்."

மீனாம்பாள் ஒரு வாரம் யோசித்தாள். சீட்டு ரவிக்கைக்குள் வியர்வையில் நனைந்து மடிப்பு விட்டது. அடுத்த புதன்கிழமை வேலை முடிந்ததும் ஜெயபுஷ்பம் வேலை பார்க்கும் சுகாதார நிலையத்துக்கே நடந்து போய்ச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

"பெத்துக்கறேன் சிஸ்டர். அவரு சொல்லி இல்ல, நான் சொல்லி. இதோட போதும்னு சொல்றதும் நான்தான்."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் டேபிளின் தலைமாட்டில் வந்து நின்றாள். கையில் அந்த அஞ்சு அட்டைகள். பெருக்குகிறவளிடம் சொல்லிப் பொறுக்கி வைத்திருந்தாள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. மாத்திரை தோத்துப் போவல. வெள்ளிக்கிழமை கம்பெனி மாதிரி நானும் லீவு வுட்டேன். பெருநாளுக்கு நாலு நாள் வுட்டேன். அப்பறம் ஓவர்டைம் போட்டு முழுங்கினேன்."

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு ஒருத்தி சிரித்தாள், அது மேசை முழுக்க ஓடியது.

"வெள்ளிக்கிழமைதான் அக்கா நமக்கு டூட்டியே. அன்னிக்குப் போய் வாட்ச்மேனுக்கு லீவு குடுத்தியா?" என்றாள் மஹ்பூபி. மூலையில் ஜியாவுதீன் காது கேளாதவர் மாதிரி கரும்பலகையைத் துடைக்க ஆரம்பித்தார்.

மீனாம்பாள் சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். "சிரிச்சது போதும். யார் யாரு வூட்ல வெச்சிருக்கீங்க, கையத் தூக்குங்க."

நாலு கைதான் எழுந்தது. மற்றவர்களின் அட்டைகள் எங்கே இருந்தன என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஒருத்தியுடையது சோற்றுப் பையின் அடியில். ஒருத்தி பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்து வைத்திருந்தாள். அவள் ஊருக்குப் போனால் மாத்திரையும் ஊருக்குப் போய்விடும். இரண்டு பேருடையது மீனாம்பாளுடையது மாதிரியே இழுப்பறையில். வெள்ளிக்கிழமை அவர்களுக்கும் மாத்திரைக்கு லீவுதான்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"அப்ப நாங்க இன்னா பண்றது? வூட்ல வெச்சா அடிப்பான்" என்றாள் சோற்றுப் பைக்காரி.

"நான் மொதல்ல வெக்கறேன். இன்னா நடக்குதுன்னு வந்து சொல்றேன். அதுவரைக்கும் வெள்ளிக்கிழமை மாத்திரைய முந்தானையில முடிஞ்சினு போ. முடிச்ச யாரும் அவுத்துப் பாக்க மாட்டாங்க" என்றாள் மீனாம்பாள். அஞ்சு அட்டைகளையும் சொந்தக்காரிகளிடம் திருப்பிக் கொடுக்கப் போனவள், நிறுத்தினாள். "இது வேணாம். வுட்டுட்டு நடுவுல ஆரம்பிக்கக் கூடாது. சிஸ்டர் வர்ற புதன்கிழமை அவங்களைக் கேட்டு, புதுசா ஆரம்பிங்க."

அந்த வெள்ளிக்கிழமை சுப்பராயன் ஆட்டுக்கறி வாங்கி வந்திருந்தான். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு என்று ஈரல் தனியாக. சாப்பிட்டு முடிந்து கை கழுவும்போது மீனாம்பாள் சொன்னாள்.

"ஒரு வருஷமா நான் மாத்திரை சாப்பிட்டுக்கினுதான் இருந்தேன். கம்பெனியில வெச்சி."

அவன் சொம்பைக் கீழே வைத்தான். "இன்னா சொல்றே?"

"நடுவுல தவறிப் போச்சி. அதான் இது. கடவுளும் குடுக்கல, நீயும் ஜெயிக்கல. நாலு நாள் லீவு வுட்டாங்க, அவ்வளோதான்."

சுப்பராயன் கத்தினான். எம்புள்ளையக் கொல்ற மருந்து என்றான், ஏமாத்துக்காரி என்றான். தெருக் கதவைச் சாத்தினான், திறந்தான், மறுபடி சாத்தினான். மீனாம்பாள் கறிச் சட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அவன் மூச்சு வாங்கிய இடத்தில் சொன்னாள். "யோவ், ஏமாத்தினது நிஜம். நீ அடுப்புல போட்டதாலதான் ஏமாத்தினேன். இனிமே ஏமாத்த மாட்டேன். உங்கண்ணு முன்னாலயே முழுங்குவேன்."

மாசியில் குழந்தை பிறந்தது. மூன்றாவதும் பெண். சுப்பராயன் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மணி நேரம் தனியாக நின்றான். பிறகு உள்ளே வந்து குழந்தையைத் தூக்கி, முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, போவட்டும். அடுத்தது பாத்துக்கலாம்" என்றான்.

மீனாம்பாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

தாய்ப்பால் கொடுக்கும் ஆறு மாதம் இந்த மாத்திரை வேண்டாம், பால் குறையும் என்று ஜெயபுஷ்பம் சொல்லியிருந்தாள். அந்த ஆறு மாதமும் மீனாம்பாளின் பாய் பெண்கள் மூன்று பேருக்கும் அப்பால், சுவரோரம் போய்விட்டது. ஏழாம் மாதம் அவள் புது அட்டையோடு வீட்டுக்கு வந்தாள். பானையில் வைக்கவில்லை. தோல் மண்டியில் கொடுத்த தினசரிக் காலண்டர் வாசல் சுவரில் தொங்கியது. காலையில் எழுந்ததும் அதன் தாளைக் கிழிப்பது சுப்பராயனின் வேலை, வேறு யாரும் தொடக் கூடாது. அந்தக் காலண்டர் ஆணியிலேயே, தேதிக்குப் பக்கத்தில், ஊக்குப் போட்டு அட்டையை மாட்டினாள்.

முதல் அட்டையை அவன் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தான். சாயங்காலம் அங்கே இன்னொன்று தொங்கியது. அதையும் எறிந்தான். மறுநாள் மூன்றாவது.

"எத்தினி வெச்சிருக்கே நீ?"

"சிஸ்டர்கிட்ட பெட்டி பெட்டியா கீது. கவர்மெண்டு சும்மா குடுக்குது. நீ எறிஞ்சிக்கினே இரு. அட்டை அந்த ஆணியில இல்லாத அன்னிக்கி எம்பாயி சுவரோரந்தான். உனுக்குப் புள்ள வேணும்னா அந்தக் காலண்டரக் கட்டிக்கினு படு."

அவன் பெண்களைப் பார்த்தான். பெரியவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு ஒன்பது வயசு, எவ்வளவு புரிந்ததோ. மூன்றாவது அட்டையை அவன் எறியவில்லை. அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி மட்டும் மாட்டினான். மீனாம்பாள் நேராகத் திருப்பினாள். மறுநாள் அவன் சுவர்ப் பக்கம், அவள் வாசல் பக்கம். இரண்டு மாதம் அந்த அட்டை ராட்டினம் மாதிரி சுற்றியது. ஒருநாளும் மாத்திரை தப்பவில்லை.

டேபிளில் இந்தக் கதைக்குத் தினமும் காத்துக்கொண்டிருப்பார்கள். "இன்னிக்கி எந்தப் பக்கம் பாத்துச்சி?" என்று மஹ்பூபி கேட்பாள். கேட்டுக்கொண்டே ஒவ்வொருத்தியாக வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். சோற்றுப் பைக்காரி சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள், சாமி முன்னால் கை நீட்ட அவள் புருஷன் துணியவில்லை. ஒருத்தி அடி வாங்கினாள், வாங்கிக்கொண்டு மறுபடி வைத்தாள். ஜெயபுஷ்பமும் மாறிவிட்டாள். புதிதாக யார் வந்தாலும் அவளுடைய முதல் கேள்வி, "எங்க வெப்பே? லீவு நாள்ல எப்படி?" அதற்குப் பதில் கிடைக்காமல் அட்டை கொடுப்பதில்லை.

மீனாம்பாள் மூன்றாம் தடவையாக டேபிளில் நின்றாள். கால் வீங்கியது, விரலில் பசை ஏறியது. ஒன்றரை வருஷம் ஆகும் என்று நினைத்தது பதினோரு மாதத்தில் முடிந்தது. ஒரு மிஷின் காலியானபோது ஜியாவுதீன் அவளைத்தான் கூப்பிட்டார்.

"குடுக்கறேன் மீனா. மறுபடி பாதியில வுட்டுட்டுப் போய்டுவியா?"

"போவ மாட்டேன் பாய்."

"அதெல்லாம் அல்லா கையில இருக்குது."

"அல்லா கையிலயும் இருக்கட்டும். எங்கூட்டு ஆணியிலயும் இருக்குது பாய்."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தார். மீனாம்பாள் இழுப்பறையைத் திறந்தாள். பாபின்களைத் தவிர அதற்குள் இனி எதையும் வைக்க வேண்டியதில்லை.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை. கம்பெனியும் பூட்டு, தோல் ஷாப்பும் பூட்டு. சுப்பராயன் எழுந்து வந்து காலண்டர் தாளைக் கிழித்தான். பக்கத்தில் அட்டை வாசலைப் பார்த்துத் தொங்கியது. கொஞ்ச நாளாக அவன் அதைத் திருப்புவதை விட்டிருந்தான். என்ன நினைத்தானோ, குனிந்து எண்ணினான். மூன்றாவது பெண் அவன் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாமே, வெள்ளிக்கிழமைன்னு வுட்டுட்டியா?" என்றான் உள்ளே பார்த்து.

மீனாம்பாள் அடுப்படியிலிருந்து தலையை நீட்டவில்லை.

"நல்லா எண்ணு. முழுங்கி அரை மணி ஆவுது. நீ எழுந்து வந்து ஞாபகப்படுத்தற வரைக்கும் காத்துக்கினு இருப்பேனா நான்?"

அவன் மறுபடி குனிந்து எண்ணினான். சரியாகத்தான் இருந்தது.